யார் காதுக்கு எந்த ஸ்பீக்கர்?

“ஸ்பீக்கர் வாங்குவதில் நமக்கென்ன வேலை? அது அவர் பாடு, பையன் பாடு” என்று ஒதுங்கிக்கொள்கிறவரா நீங்கள்? ஒரு நிமிஷம்! மிக்ஸி வாங்கப் போனால் ஜாரின் மூடியைத் திருகிப் பார்க்காமல் விடமாட்டோம். பட்டுப்புடவை எடுக்கப் போனால் கடைக்காரர் விரித்துப் போட்டே களைத்துப் போவார். ஆனால் மிக்ஸியைப்போல் பத்து மடங்கு, இருபது மடங்கு, உயர்ந்த ரகமென்றால் லட்சங்களில் விலையுள்ள ஒரு ஜோடி ஸ்பீக்கர் வீட்டுக்குள் நுழையும்போது மட்டும், “இதை எங்கே வைப்பது? எப்படித் தூசி தட்டுவது?” என்ற இரண்டு கேள்வியோடு நம் பங்கு முடிந்துவிடுகிறது.

இந்தத் தொழிலில் இருக்கும் ஆண்களுக்கு இது ஒரு வேடிக்கை. 1983-இல் ‘ஸ்டீரியோஃபைல்’ என்ற அமெரிக்கப் பத்திரிகையில் ‘மனைவி சம்மத அளவு’ என்று ஒரு சொல்லே வந்துவிட்டது. அதாவது, ஸ்பீக்கர் பார்வைக்கு எவ்வளவு அடக்கமாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு வீட்டுக்காரி சம்மதிப்பாளாம்! நமக்குக் கண் உண்டு, காது கிடையாது என்று அவர்கள் நினைப்பு.

உண்மை நேர்மாறானது. வயது ஏற ஏற, கீச்சென்ற உச்ச ஒலிகளைக் கேட்கும் சக்தி எல்லோருக்குமே குறையும். ஆனால் ஒரே வயதுள்ள ஆணையும் பெண்ணையும் ஒப்பிட்டால், பொதுவாக ஆண்களுக்குத்தான் அந்தக் குறைவு அதிகம். ஆகவே ஸ்பீக்கர் கடைக்கு நாம் வெறும் துணையாகப் போக வேண்டியதில்லை. நல்ல காதோடு போகிறோம்!

இன்னொரு ருசிகரமான விஷயம். இங்கிலாந்தில் பி.பி.சி. நிலையத்தில் ஸ்பீக்கர் ஆராய்ச்சி செய்த இரு பொறியாளர்கள், பின்னர் சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். ஸ்பென்சர் ஹ்யூஸ் தன் பெயரோடு மனைவி டாரத்தியின் பெயரையும் சேர்த்து ‘ஸ்பெண்டார்’ என்று வைத்தார். டட்லி ஹார்வுட் 1977-இல், தன் பெயரில் பாதியும் மனைவி எலிசபெத்தின் பெயரில் பாதியுமாக ‘ஹார்பெத்’ என்று வைத்தார். உலகின் உயர்ந்த ரக ஸ்பீக்கர்களில் இன்றும் பேசப்படும் இந்த இரண்டிலும் ஒரு மனைவியின் பெயர் இருக்கிறது. நம் வீட்டு ஸ்பீக்கரில் நம் பெயர் இல்லாவிட்டாலும் நம் யோசனையாவது இருக்க வேண்டாமா?

சென்ற ஆண்டு எங்கள் உறவில் மூன்று வீடுகளுக்கு ஸ்பீக்கர் வாங்கும்படி நேர்ந்தது. திருவான்மியூரில் நாத்தனார் வீடு, மாம்பலத்தில் எங்கள் வீடு, வேளச்சேரியில் தங்கையின் ஃபிளாட். மூன்றுக்கும் கடை கடையாகப் போய் உட்கார்ந்து கேட்டவள் நான். கடைசியில் மூன்று வீட்டுக்கும் மூன்று விதமான ஸ்பீக்கர்தான் பொருந்தியது. ‘இருப்பதிலேயே உசத்தி எது?’ என்று கேட்பதைவிட, ‘யார் கேட்கப் போகிறார்கள்? எதைக் கேட்கப் போகிறார்கள்? எங்கே உட்கார்ந்து, எந்த நேரத்தில்?’ என்று கேட்பதே சரி. இந்த நான்கு கேள்விக்கும் பதில் தெரிந்தவர், வீட்டில் இருப்பவர்களை அறிந்த நாம்தானே!

பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது?

ஒரு காந்தம், அதன் நடுவே கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய கூம்பு. மின்சாரம் பாயப் பாயச் சுருள் முன்னும் பின்னும் துடிக்கிறது, கூம்பு காற்றைத் தள்ளுகிறது, ஒலி பிறக்கிறது. 1925-இல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இருவர் வகுத்துக் கொடுத்த முறை இது. பெரும்பாலான ஸ்பீக்கர்கள் இன்றும் இப்படித்தான் வேலை செய்கின்றன.

நம் காது சுமார் 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஒரே கூம்பு இத்தனையும் பாடாது. கனத்த ஒலிக்கு ‘வூஃபர்’ என்ற பெரிய கூம்பு. உச்ச ஒலிக்கு ‘ட்வீட்டர்’ என்ற சிறிய குமிழ். எது எங்கே போக வேண்டும் என்று பிரித்து அனுப்ப உள்ளே ஒரு மின்சுற்று. இவை ஒன்றோடொன்று எவ்வளவு இசைந்து போகின்றன, மரப்பெட்டி தானே அதிராமல் எவ்வளவு கட்டுமஸ்தாக இருக்கிறது என்பதில்தான் சாதா ரகமும் உயர் ரகமும் வேறுபடுகின்றன. விரல் முட்டியால் பெட்டியின் பக்கத்தைத் தட்டிப் பாருங்கள். வெற்று டப்பா போல ‘டொங்’ என்று நீளமாக ஒலித்தால் ஏன் என்று கடைக்காரரைக் கேளுங்கள்.

பாட்டுக் கேட்கும் வீடு

நாத்தனார் தினமும் மாலையில் ஒரு மணி நேரம் கர்நாடக இசை கேட்பவர். கேட்பது அவர் ஒருவர்தான். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, ஒரே நாற்காலி. கடைக்காரர் மார்பு உயரத்துக்கு நிற்கிற ‘டவர்’ ஸ்பீக்கரையே காட்டிக்கொண்டிருந்தார். “இதுல பேஸ் பிரமாதமா வரும் மேடம்!” என்றார்.

எனக்கு ஒரு கணக்குத் தோன்றியது. ஐந்து கட்டைச் சுருதியில் பாடும் பெண்ணின் ஆதார ஷட்ஜம் சுமார் 196 ஹெர்ட்ஸ். ஒரு கட்டையில் பாடும் ஆணுக்குச் சுமார் 131. அவர் மந்தர ஸ்தாயிப் பஞ்சமத்துக்கு இறங்கினாலும் 98-தான். ஆக, 50, 60 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்காக இறங்குகிற சிறிய ஸ்பீக்கரே குரலையும் வீணையையும் வயலினையும் முழுசாகக் கொடுத்துவிடும். 30 ஹெர்ட்ஸுக்கு இறங்குகிற டவருக்குப் பணம் கொடுத்தால், பாட்டில் இல்லாத ஒலிக்கும் சேர்த்தல்லவா கொடுக்கிறோம்? அதிலும் சின்ன அறையில் பெரிய டவர் வைத்தால் மிருதங்கத்தின் தொப்பி ‘கும் கும்’ என்று அறையை நிறைத்து, தம்புராவின் ரீங்காரத்தை விழுங்கிவிடும்.

நான் முன்னே சொன்ன பி.பி.சி. பொறியாளர்களின் காலத்தில் உருவானதுதான் ‘எல்.எஸ். 3/5ஏ’ என்ற ஸ்பீக்கர். வெளியிடங்களில் ஒலிபரப்பும்போது வண்டிக்குள் வைத்துக் கேட்பதற்காக 1970-களில் செய்தார்கள். உயரம் சுமார் ஓர் அடிதான்! ஆனால் மனிதக் குரலை உள்ளபடி சொல்வதில் இன்றுவரை அதற்குத் தனி மதிப்பு உண்டு. சிறிய பெட்டி என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம் என்பதற்கு இது ஒன்றே போதும்.

நாத்தனார் வாங்கியது அலமாரி ரகம் என்று சொல்லப்படும் சிறிய ஜோடிதான். ஆனால் அந்த அளவில் நல்ல உயர்ந்த ரகம். அதற்கென்று கனமான இரண்டு ஸ்டாண்டும் வாங்கினார். மிச்சமான பணத்தில் நல்ல ஆம்ப்ளிஃபையர் வந்தது.

பேச்சுப் புரிய வேண்டிய வீடு

எங்கள் வீட்டுக் கதை வேறு. என் மாமியாருக்கு எழுபத்தாறு வயது. “டி.வி.யில எல்லாரும் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கறாங்க” என்று குறைப்படுவார். நாளடைவில், “எனக்குத் தூக்கம் வருதும்மா, நீங்க பாருங்க” என்று ஏழரை மணிக்கே உள்ளே போய்ப் படுத்துவிடுவார். தூக்கம் இல்லை, எல்லோரும் சிரிக்கும்போது தனக்கு மட்டும் புரியாமல் உட்கார்ந்திருக்கக் கூச்சம். இப்படித்தான் பல வீடுகளில் பெரியவர்கள் மெல்ல மெல்லத் தனியறைக்குப் போய்விடுகிறார்கள்.

இதில் காரணம் என்னவென்றால், வயதானால் முதலில் மங்குவது உச்ச ஒலிகள். ஆ, ஓ போன்ற உயிரொலிகள் கீழ்ப்பகுதியில் இருப்பதால் நன்றாகவே கேட்கும். க, ச, த, ப போன்ற எழுத்துகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் ஒலிகள் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் பெரும்பாலும் இருக்கின்றன. ‘கடை’ என்றாரா, ‘சடை’ என்றாரா, ‘படை’ என்றாரா? சத்தம் கேட்கிறது, சொல் புரிவதில்லை! வால்யூமைக் கூட்டினால் பின்னணி இசையும் சேர்ந்து கூடுகிறதே தவிர, பேச்சுத் தெளிவதில்லை. போதாக்குறைக்கு, இப்போதைய தட்டை டி.வி.க்களில் ஸ்பீக்கர் பெரும்பாலும் பின்னாலோ கீழேயோ பார்த்து இருக்கிறது. பேச்சு சுவரில் முட்டித் திரும்பித்தான் நம்மிடம் வருகிறது.

முதலில் காது மருத்துவரிடம் காட்டி, கேட்கும் திறனைப் பரிசோதித்துக் கொண்டோம். இதை மட்டும் தயவுசெய்து தள்ளிப் போடாதீர்கள். காது மெஷின் தேவைப்படுகிறவருக்கு எந்த ஸ்பீக்கரும் அதற்கு ஈடாகாது.

அடுத்துத்தான் ஸ்பீக்கர். சினிமாவை ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்-வூஃபருமாகக் கேட்பதை 5.1 என்கிறார்கள். அதில் வசனத்தின் பெரும்பகுதி நடுவில் இருக்கும் ‘சென்டர்’ ஸ்பீக்கரிலிருந்தே வருகிறது. ஆகவே பேச்சுப் புரிய வேண்டிய வீட்டில் அதிகப் பணம் போக வேண்டிய இடம் அந்த ஒன்றுதான். நாங்கள் முன்பக்கம் மூன்று ஸ்பீக்கர் மட்டும் வாங்கினோம். சென்டரை டி.வி.க்கு நேர் கீழே, உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்க்கும்படி சற்றே நிமிர்த்தி வைத்தோம். ஆம்ப்ளிஃபையரில் அதன் அளவை மட்டும் 3 டெசிபல் தனியாகக் கூட்டினோம். மாமியாரின் நாற்காலியையும் நான்கடி முன்னால் இழுத்துப் போட்டோம். திறந்த வெளியில் தூரம் பாதியானால் ஒலி 6 டெசிபல் கூடும். வீட்டுக்குள் அவ்வளவு வராவிட்டாலும், சுவரில் எதிரொலித்து வருவதைவிட நேரே வருவது காதில் முந்தி விழும்.

பத்து நாள் போயிருக்கும். ஒரு பழைய நகைச்சுவைப் படம். எங்களுக்கெல்லாம் முந்திக்கொண்டு மாமியார் சிரித்தார். அன்று அவர் உள்ளே போகும்போது மணி ஒன்பதரை!

சினிமாவும் கைக்குழந்தையும் உள்ள வீடு

தங்கை வீட்டில் அவள் கணவருக்குச் சினிமாப் பைத்தியம். கூடவே எட்டு மாதக் குழந்தை. வெடிச்சத்தமும் இடியும் 20, 30 ஹெர்ட்ஸ் வரை இறங்குவதால், அங்கே சப்-வூஃபர் வேண்டியதுதான். இந்தக் கனத்த ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்கு எளிதில் பிடிபடாது. ஆகவே பெட்டியை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். ஆனால் மூலையில் வைத்தால் ‘தொம் தொம்’ என்று பெருகும். ஒரு தந்திரம் சொல்கிறேன். சப்-வூஃபரை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்துப் பாடவிடுங்கள். சுவரோரமாகத் தவழ்ந்து வந்து, எந்த இடத்தில் ஒலி தெளிவாக இருக்கிறதோ அங்கே பெட்டியை மாற்றிவிடுங்கள். குழந்தையும் கூடவே தவழும்!

இனி கவனிக்க வேண்டியது சத்தத்தின் அளவு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம், குழந்தைகளுக்கு 75 டெசிபலில் 40 மணி நேரம் என்று எல்லை சொல்கிறது. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாக வேண்டும். குழந்தையைத் தூங்க வைக்க ஒலி எழுப்பும் கருவிகள் சிலவற்றை 2014-இல் ஆராய்ச்சியாளர்கள் அளந்தபோது, முழு சத்தத்தில், ஓரடி தூரத்தில் மூன்று கருவிகள் 85 டெசிபலைத் தாண்டின! தொட்டிலருகே எந்த ஸ்பீக்கரும் வேண்டாம். தாலாட்டுப் போடுவதென்றாலும் ஆறேழு அடி தள்ளி, மெதுவாக.

அக்கம்பக்கத்தையும் நினைக்க வேண்டும். நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபல் என்று வகுத்திருக்கின்றன. ஃபிளாட்டில் சுவர் தாண்டிப் போவது கனத்த ஒலிதான். சப்-வூஃபரின் அடியில் கனமான ரப்பர் விரிப்புப் போட்டால் தரை அதிர்வு குறையும். ஆம்ப்ளிஃபையரில் ‘நைட் மோட்’ இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது வெடிச்சத்தத்தை அடக்கி, வசனத்தைத் தூக்கிக் கொடுக்கும். குழந்தையும் திடுக்கிட்டு எழுந்திருக்காது.

தவழ்கிற குழந்தை முதலில் போவது ஸ்பீக்கரிடம்தான். கூம்பின் நடுவே உருண்டையாகத் தெரியும் மூடியை ஒரு விரலால் ‘டப்’பென்று உள்ளே அமுக்கிவிடும்! வலை மூடியைக் கழற்றாதீர்கள். டவர் ஸ்பீக்கர் என்றால் சுவரோடு கட்டி வையுங்கள். பிடித்துக்கொண்டு எழுந்து நின்றால் மேலே சாயலாம். ஒயர்களைச் சுவரோடு மறைத்து ஓட்டிவிடுங்கள்.

வாட்டைப் பார்த்து மயங்காதீர்கள்

“5000 வாட் மேடம்!” என்று அட்டைப் பெட்டியில் பி.எம்.பி.ஓ. என்ற எழுத்தோடு போட்டிருந்தால் அதை மறந்துவிடுங்கள். அதற்கு ஒழுங்கான அளவுகோலே கிடையாது. ஆர்.எம்.எஸ். வாட் எவ்வளவு என்று கேளுங்கள். உண்மையில் வீட்டில் சாதாரணமாகக் கேட்பதற்கு ஒன்றிரண்டு வாட்டே போதும். மிச்சம், தவில் சட்டென்று முழங்கும் அந்தக் கணத்துக்கான கையிருப்பு.

வாட்டைவிட முக்கியம் ‘சென்சிடிவிட்டி’. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்ற கணக்கு அது. 84 டெசிபல் ஸ்பீக்கருக்கு 40 வாட் வேண்டிய இடத்தில், 90 டெசிபல் ஸ்பீக்கருக்கு 10 வாட் போதும். ஸ்பீக்கரின் ‘ஓம்’ எண் ஆம்ப்ளிஃபையருக்கு ஒத்து வருகிறதா என்றும் கேளுங்கள். 4 ஓம் ஸ்பீக்கருக்குத் தெம்பான ஆம்ப்ளிஃபையர் வேண்டும். ஆம்ப்ளிஃபையர் திணறினால் பாவம், ட்வீட்டர்தான் கருகும்!

ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே வைத்த ‘ஆக்டிவ்’ ஸ்பீக்கரும் உண்டு. ஒயர் குறைவு, இடம் மிச்சம். சின்ன ஃபிளாட்டுக்குச் சௌகரியம். தனி ஆம்ப்ளிஃபையர் உள்ளதில் ஒன்று பழுதானால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

கூடம்தான் பாதி ஸ்பீக்கர்

கூடத்தின் நடுவே நின்று பலமாக ஒரு கைதட்டுங்கள். ‘கணீர்’ என்று மோதிரம் உருண்டதுபோல் ஒலி நீண்டால், டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் ஒலியைத் திருப்பி அடிக்கின்றன என்று அர்த்தம். ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவே கெட்டியான ஜமக்காளம், ஜன்னலுக்குக் கனத்த திரை, பக்கச் சுவரில் புத்தக அலமாரி. இந்த மூன்றும் போட்ட பிறகு, அதே ஸ்பீக்கர் இன்னும் உசத்தியாகத் தோன்றும்.

இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சமபக்க முக்கோணமாக இருக்க வேண்டும். ட்வீட்டர் உட்கார்ந்திருப்பவர் காது உயரத்தில். பெட்டியின் பின்னால் குழாய்போல ஓட்டை இருந்தால் சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளி வையுங்கள். தள்ளி வைக்க இடமில்லாத வீட்டுக்கு ஓட்டையில்லாத மூடிய பெட்டி ரகம் நல்லது.

கடையில் உட்கார்ந்து கேட்பது எப்படி?

• கடைக்காரர் போடும் பாட்டு வேண்டாம். நூறு தடவை கேட்டு மனப்பாடமான நான்கு பாட்டை நீங்கள் கொண்டுபோங்கள். ஒன்று பெண் குரல், ஒன்று வெறும் தம்புராவும் வீணையும், ஒன்று தனி ஆவர்த்தனம், ஒன்று வெறும் பேச்சு.

• பேச்சுதான் பெரிய பரீட்சை. மனிதக் குரல் எப்படி இருக்கும் என்று நமக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். தொண்டைக்குள்ளிருந்து பேசுவதுபோலவோ, மூக்கால் பேசுவதுபோலவோ, ‘ஸ்’ஸெல்லாம் சீறுவதுபோலவோ இருந்தால் அந்த ஸ்பீக்கர் வேண்டாம்.

• இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே சத்தத்தில் இருக்கட்டும். கொஞ்சம் உரக்கப் பாடுவதே நல்லது என்று காது ஏமாந்துபோகும். செல்போனில் உள்ள ஒலி அளவைக் கொண்டு சரிபாருங்கள்.

• மெல்லிய சத்தத்திலும் கேளுங்கள். குழந்தை தூங்கும்போது கேட்பது அப்படித்தானே!

• அரைமணி நேரமாவது கேளுங்கள். முதல் ஐந்து நிமிஷம் பளிச்சென்று இருப்பது, அரைமணியில் தலைவலி தரலாம்.

• வீட்டில் ஒரு வாரம் வைத்துக் கேட்டுவிட்டுத் திருப்பலாமா என்று தயங்காமல் கேளுங்கள். லட்ச ரூபாய்ப் பொருள், கேட்பதில் தப்பில்லை.

• கூம்பின் விளிம்பில் இருப்பது ரப்பரா, ஸ்பாஞ்சா? நம் ஊர்ப் புழுக்கத்தில் ஸ்பாஞ்சு சில வருஷங்களில் பொடிந்து உதிரும். ரப்பர் நெடுநாள் உழைக்கும்.

வாங்கியபின் பராமரிப்பு அதிகமில்லை. கூம்பை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. மெல்லிய பிரஷ் போதும். கடற்கரைப் பக்கம் வீடென்றால் ஒயர் சொருகும் முனைகளைப் பச்சை பூக்காமல் ஆறு மாதத்துக்கு ஒருதரம் துடைத்து இறுக்குங்கள். மேலே பூச்சாடி வைக்காதீர்கள். தண்ணீர் சிந்தினால் அவ்வளவுதான்!

நல்ல ஸ்பீக்கர் இருபது வருஷம்கூட உழைக்கும். இன்று தொட்டிலில் இருக்கும் குழந்தை அதில்தான் பாட்டுக் கேட்டு வளரப்போகிறது. இன்று நாற்காலியில் இருக்கும் பாட்டி அதில்தான் வசனம் புரிந்து சிரிக்கப்போகிறார். அடுத்த தடவை வீட்டில் ‘ஸ்பீக்கர் வாங்கலாமா?’ என்ற பேச்சு எழுந்தால், அடுப்படியிலிருந்தே “உங்க இஷ்டம்” என்று சொல்லிவிடாதீர்கள். நான்கு பாட்டை எடுத்துக்கொண்டு, புடவை கடைக்குப் போகிற அதே பொறுமையோடு கிளம்புங்கள்.